நாத்தனாரின் பதினாறு பக்கங்கள்

ஜனவரி 11

அன்புள்ள சின்னு,

அத்தானின் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் மகளும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கோம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய். போனில் உன் குரல் நன்றாக நடிக்கும். கடிதத்தில் உனக்கு நடிப்பு வராது. அதனால்தான் மாதாமாதம் புத்தகத்தோடு கடிதமும் வைக்கிறேன்.

வாங்கும் புத்தகங்களுக்கு எதற்கு மறுபடி பைண்டிங் என்று கேட்டிருந்தாய். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அத்தானையும் சேர்த்து ஐந்து பேர், வாங்குவது ஒரே பிரதி. முதல் மாதம் அதை மருந்துக்கடைக்காரர் கொண்டுபோய் மூன்று வாரம் அடைகாத்தார். எப்போது கேட்டாலும் "இதோ முடியப்போகுது" என்பார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் கடையிலிருந்தே பிடுங்கி வந்து, என் பைண்டிங் மேசையில் போட்டு, முதுகைக் கிழித்து நூலைப் பிரித்துவிட்டேன். பதினாறு பக்கம் சேர்ந்த மடிப்பை நாங்கள் ஃபாரம் என்போம். அந்த ஃபாரங்களை ஐந்து பங்காக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். கணக்கு டீச்சர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. புத்தகத்தைக் கொன்றுவிட்டேனாம். பிறகு யாருக்கு எப்போது எந்தப் பங்கு என்று அட்டவணை போட்டுக் கொடுத்ததும் அவர்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒருவர் கதையை நடுவிலிருந்து தொடங்குவார், ஒருவருக்கு முடிவு முதலில் வந்து நிற்கும். முடிவை முதலில் படித்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மாதக் கடைசியில் எல்லோரும் கூடிச் சாப்பிடும்போது பாத்திரம் கழுவுவதும் அவர்தான். அது அபராதம். எல்லோரும் முடித்ததும் நான் ஃபாரங்களை அடுக்கித் தைத்து, அட்டை போட்டு உனக்கு அனுப்புகிறேன். கதை வரிசையாகக் கிடைப்பது எங்கள் தபால் உறுப்பினரான உனக்கு மட்டும்தான்.

போன மாதச் சாப்பாடு மாடிவீட்டுக்காரி வீட்டில். உருளைக்கிழங்கு வறுவல், முட்டைக் குழம்பு. மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல் பழம் வாங்கி வந்து சமையலில் பங்கெடுத்ததாகக் கணக்குக் காட்டினார். கதையின் கடைசியில் அந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகிறதல்லவா, மாடிவீட்டுக்காரி அதற்கே ஒரு மூச்சு அழுது, குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். அத்தான் அதையும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

புத்தகம் எப்படி என்று எழுது. எங்கள் சாப்பாட்டுச் சபையில் வாசிக்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் நனையாமல் வந்து சேர்ந்தது. இங்கே மூவரும் குறையில்லாமல் இருக்கிறோம். அத்தானின் முழங்காலைக் கேட்டதாகச் சொல்.

சபையில் வாசிக்க: கதாநாயகன் நூறு பக்கத்துக்கு முன்பே பேச வேண்டியதைப் பேசியிருந்தால் புத்தகம் பாதியாக மெலிந்திருக்கும், உங்களுக்கும் பங்கு பிரிக்கும் வேலை குறைந்திருக்கும். ஆனாலும் அந்தக் கல்யாணம் எனக்கும் பிடித்தது. மாடிவீட்டு அம்மாவிடம் சொல், நான் அழவில்லை, சிரித்தேன்.

ரயில் நிலையத்தில் எங்கள் தொலைந்த பொருட்கள் அறை எப்போதும்போல் குடைகளால் நிரம்பி வழிகிறது. இந்த வாரம் ஒருவர் பல்செட்டைத் தேடி வந்தார். அடையாளம் சொல்லுங்கள் என்றேன். வாயைத் திறந்து காட்டி, பொருந்துகிறதா என்று என்னையே பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

இனி எழுதுவதைச் சபையில் வாசிக்காதே. பக்கத்து மேசைக்காரியைப் பற்றி உனக்கு எழுதியதில்லை என்று நினைக்கிறேன். அவளுக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. குளிக்கும்போது கையில் பட்டதாம், பட்டாணி அளவு. டாக்டர் பார்த்துவிட்டு, ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதித்துவிடலாம் என்றிருக்கிறார். வீட்டில் அவள் மூச்சுவிடவில்லை. மகளுக்குப் பரீட்சை வருகிறது. என்னிடம் மட்டும்தான் சொன்னாள். இப்படிக் கட்டி நிறையப் பேருக்கு வருமா என்று மருந்துக்கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார். அவளுக்குச் சொல்லத்தான்.

அன்புடன்,
சின்னு


பிப்ரவரி 2

அன்புள்ள சின்னு,

அடுத்த பார்சல் வரை காத்திருக்க மனம் வரவில்லை. நாங்கள் சுகம். நீ?

மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். அவர் சாதாரணமாக ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்பவர். இதற்கு மட்டும் நிதானமாகப் பேசினார். "பெரும்பாலும் ஒண்ணும் இருக்காதும்மா. ஆனா ஒண்ணுமில்லைன்னு சோதனைதான் சொல்லணும், நாம சொல்லக் கூடாது" என்றார். உன் பக்கத்து மேசைக்காரியிடம் இதை அப்படியே சொல். நாள் கடத்த வேண்டாம் என்று நான் சொன்னதாகவும் சொல்.

அவளுக்கு என்ன வயது என்று நீ எழுதவில்லை. உன் வயதுதான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூட நாளில் உன் வகுப்பில் ஒருத்தி இருந்தாளே, அவள் ஞாபகம் வந்தது. மழையில் செருப்பைத் தொலைத்தவள். கணக்கில் பூஜ்யம் வாங்கியவள். அப்பாவின் பேனாவை எடுத்து உடைத்தவளும் அவள்தான் என்று சொன்னாய். அவளை நான் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவள்மேல் எனக்கு எப்போதும் தனிப் பிரியம்.

இந்த மாதப் புத்தகம் பச்சை அட்டை போட்டது. ஒரு பெரிய குடும்பம், அதில் கல்யாணமாகாத நாத்தனார் ஒருத்தி. வாய் அப்படியே உன் வாய். அண்ணன் செய்யும் வியாபாரத்தைப் பார்த்து, "நீ கடை தொறக்கறதே ஊருக்குத் தானம் பண்ணத்தான்" என்கிறாள். எனக்கு மூன்றாம் பங்கு முதலில் வந்தது, ஆரம்பம் தெரியாமலே அவளோடு சிநேகமாகிவிட்டேன். அவளைச் சீக்கிரம் அனுப்புகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அவளையும் சாப்பிடச் சொல்.

உன்
அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு தெம்பு வந்தது. எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை. அங்கே அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னேன். சோதனைக்குப் போய்வந்தாள். ஊசி அப்படியொன்றும் வலிக்கவில்லையாம், காத்திருந்த அறையில் இருந்த மீன் தொட்டிதான் பயமாக இருந்ததாம். ஒரே மீன், அது அவளையே பார்த்துக்கொண்டிருந்ததாம். எடுத்தது போதவில்லை, இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்று கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது முறை கூப்பிட்டால் அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்.

மகள் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். இவர் அவளுக்குத் தேநீர் போட்டுப் போட்டே ஓய்ந்துபோகிறார். வீட்டில் எல்லோரும் மெதுவாக நடக்கிறோம்.

அந்த நாத்தனாரைச் சீக்கிரம் அனுப்பு. தினம் தபால்காரரைப் பார்க்கிறேன். சத்தமாகப் பேசுகிற ஒருத்தி இப்போது எனக்கு வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
சின்னு


மார்ச் 3

அன்புள்ள சின்னு,

எல்லோரும் நலமாக இருக்கிறோம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. கல்லூரிப் பிள்ளைகள் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிற காலம் இது. ஒவ்வொருவருக்கும் நாளைக்கே வேண்டும். பசை காய எடுக்கும் நேரத்தைக்கூட என்னிடம் பேரம் பேசுகிறார்கள்.

அதனால் போன மாதச் சாப்பாட்டுக்கு நான் போகவில்லை. கணக்கு டீச்சர் வீட்டில் நடந்தது. அத்தான் மட்டும் போய், எனக்குச் சேர்த்தும் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

பச்சைப் புத்தகத்தை அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் மெலிந்தாற்போல் தெரியும். பழைய பிரதி, அச்சகத்திலேயே ஏதோ விட்டுப்போயிருக்கிறது. பக்க எண்ணையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காதே, கதையைப் பார். முதல் பாதியை நிதானமாகப் படி, அங்கேதான் நாத்தனார் வெளுத்து வாங்குகிறாள்.

பக்கத்து மேசைக்காரிக்கு ஒரு விஷயம். இரண்டாம் முறை கூப்பிடுவது சகஜம்தான் என்று மருந்துக்கடைக்காரர் சொல்கிறார். அதைவிட முக்கியம், அவள் தன் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். பரீட்சை மகளுக்குத்தான், அவருக்கில்லையே. தனியாகச் சுமக்கிறதில் என்ன பெருமை? நான் இப்படிக் கடுமையாகச் சொன்னதாகவே சொல். அவள் என்னைத் தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

நலம். அங்கும் நலம்தானே?

புத்தகம் வந்தது. படித்துவிட்டேன். தையலில் ஒரு குறையும் இல்லை.

நாத்தனாரை எனக்கு மிகவும் பிடித்தது. நூற்று எழுபத்தாறாம் பக்கத்தில் வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரி வாசலில் இறங்குகிறாள். அங்கேயும் வாயிற்காவலரோடு சண்டை. அடுத்த பக்கம் நூற்றுத் தொண்ணூற்று மூன்று. அங்கே சாப்பாட்டு மேசையில் அவள் நாற்காலி காலியாக இருக்கிறது. அவள் சேலைகளை மூட்டை கட்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். அண்ணன் தட்டைத் தொடாமல் எழுந்து போகிறார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவள் பேரை எடுப்பதில்லை. கடைசி வரை வரவே இல்லை.

விட்டுப்போன பக்கங்களில் என்ன இருந்திருக்கும் என்று நானே புரிந்துகொண்டேன்.

பக்கத்து மேசைக்காரியைக் கேட்டிருந்தாய். அவள் நன்றாக இருக்கிறாள். இந்த மாதம் சபையில் வாசிக்க ஒன்றும் இல்லை.

சின்னு


மார்ச் 28

அன்புள்ள சின்னு,

இங்கு குறையொன்றும் இல்லை. உன் கடிதம்தான் குறையாக இருந்தது. ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. உன் கையெழுத்து எப்போதும் ஓரத்தில் ஏறி வழியும், இந்த முறை நடுவிலேயே நின்றுவிட்டது.

புத்தகத்தைப் பற்றி விடு. அது கதை. எழுதியவருக்குப் பொழுது போகாமல் யாரையாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். வட்டத்திலும் சொல்லிவிட்டேன், என் எதிரில் யாரும் பச்சைப் புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று. ஏன் என்று டீச்சர் கேட்டார். வேலை அலுப்பு என்றேன். அத்தானும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரையும் அடக்கிவிட்டேன். இந்த மாதச் சாப்பாட்டில் யார் முறை என்று பார்க்காமல் எல்லாப் பாத்திரத்தையும் நானே கழுவினேன். தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் யாரும் நம்மை எதுவும் கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது சோதனை முடிவு வந்ததா? அவளுடையதைத்தான் கேட்கிறேன்.

இரண்டு வரியாவது எழுது.

உன்
அக்கா


ஏப்ரல் 5

சின்னு,

சுகமா?

போன் செய்தேன். நீ குளிக்கிறாய் என்றார் மாப்பிள்ளை. மறுநாளும் குளித்துக்கொண்டிருந்தாய். இவ்வளவு சுத்தமான பெண்ணை நான் வளர்த்ததாக ஞாபகமில்லை.

இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் ஆய்வேடுகளை அப்படியே போட்டுவிட்டு ரயில் ஏறிவிடுவேன். பிள்ளைகள் பட்டம் வாங்காமல் போனால் அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்கா,

நலம். இந்தச் சொல்லை இத்தனை வருஷம் கடிதத்தின் தலையில் சும்மா எழுதிக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் யோசித்து எழுதுகிறேன். நலம் அக்கா, நலம்.

முடிவு இன்று காலையில் வந்தது. சாதாரணக் கட்டிதான். கெட்டது ஒன்றும் இல்லை. அறுக்கவும் வேண்டாம், ஆறு மாதம் கழித்து ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். "உட்காருங்கம்மா, இன்னும் சொல்லி முடிக்கலை" என்றார். மீன் தொட்டி பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் நின்றேன். இவரும் கூட வந்திருந்தார். இரண்டு பேரும் அந்த மீனைப் பார்த்து அழுதோம்.

அக்கா, என் பக்கத்து மேசையில் யாரும் இல்லை. அதில் குடைகள்தான் அடுக்கியிருக்கின்றன. உனக்கு முதலிலேயே தெரிந்திருக்கும். செருப்பைத் தொலைத்தவளைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோது புரிந்தது. அதன் பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்காதே. அவளுக்குக் கட்டி என்று எழுத வந்தது, எனக்கு என்று எழுத வரவில்லை. இவரிடம்கூட உன் திட்டைப் படித்த பிறகுதான் சொன்னேன். "பக்கத்து மேசைக்காரிக்கு அக்கா ஒரு சேதி சொல்லியிருக்காங்க" என்றுதான் ஆரம்பித்தேன். அவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "அவளுக்கு எத்தனை மணிக்கு டாக்டர்? நானும் வரேன்" என்றார்.

ஆனால் உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அச்சகத்தில் ஒரு ஃபாரம் விட்டுப்போயிருந்தால் நீ அங்கேயே கத்தி ஊரைக் கூட்டியிருப்பாய். பக்க எண்ணைப் பார்க்காதே என்று எழுதியிருக்க மாட்டாய். நீதான் எடுத்திருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது. நீ மறைக்கிற அளவுக்கு அந்தச் சாவு மோசமாக இருந்திருக்க வேண்டும், நான் தாங்க மாட்டேன் என்று நீயே முடிவு செய்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அத்தனை நாளும் மனசுக்குள் அவளை விதவிதமாகச் சாகடித்துப் பார்த்தேன். எழுதியவர் ஒரு முறைதான் கொன்றிருப்பார். அதனால்தான் போனுக்கும் வரவில்லை. உன் குரலைக் கேட்டிருந்தால் உடைந்திருப்பேன்.

இப்போது எனக்குப் பயம் போய்விட்டது. ஆகவே எங்கள் அலுவலக முறைப்படி கேட்கிறேன். தொலைந்த பொருள்: அச்சிட்ட தாள், பதினாறு பக்கம். அடையாளம்: உள்ளே நாத்தனார் ஒருத்தி இருப்பாள். உரியவர் உயிரோடும் சுகத்தோடும் கேட்கிறார். உடனே அனுப்பு.

அன்புடன்,
சின்னு


ஏப்ரல் 15

என் கண்ணே சின்னு,

நலம் என்ற உன் சொல்லைப் படித்தேன், பிறகு அத்தானை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன், பிறகு மறுபடி நானே படித்தேன். பசைச் சட்டி அடுப்பில் காந்திப்போய்விட்டது. போகட்டும். அன்றைக்கு வந்த பையனுக்கு ஆய்வேட்டைத் தலைகீழாகத் தைத்துக் கொடுத்துவிட்டேன், அவனும் கவனிக்காமல் நன்றி சொல்லிவிட்டுப் போனான். கடைத்தெருவுக்கு ஓடிப் பிடித்து வந்தேன்.

தெரியும்டி. கட்டியைப் பற்றி நீ எழுதிய முதல் கடிதத்திலேயே தெரியும். உன் கூட வேலை செய்கிற யாரைப் பற்றி எழுதினாலும் முதலில் அவள் என்ன உடுத்துகிறாள், எப்படிப் பேசுகிறாள் என்றுதான் ஆரம்பிப்பாய். இவளுக்கு ஒரு மூக்கு முழிகூட இல்லை. நேரில் வரத்தான் துடித்தேன். வந்து நின்றால் நீ பயந்துவிடுவாய், மகளும் கண்டுபிடித்துவிடுவாள் என்று அத்தான் சொன்னார். அதனால் நானும் அந்த இல்லாதவளுக்கே சாப்பாடு சொல்லி, தைரியம் சொல்லி, திட்டி, ராத்திரி அவளுக்காகவே கும்பிட்டுக்கொண்டு இருந்தேன்.

பக்கங்களை எடுத்தது நான்தான். நடந்தது இது. எனக்கு முதல் மூன்று பங்கும் முடிந்திருந்தது. அந்த ஃபாரம் நான்காம் பங்கின் தலையில் இருந்தது, மாடிவீட்டுக்காரியிடமிருந்து எனக்கு வர வேண்டும். அவள் கொண்டுவந்து கொடுத்தபோது கண் இரண்டும் வீங்கியிருந்தது. "அக்கா, நாத்தனார் பகுதிதான், தாங்கலை" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் துணிவில்லை. உன் இரண்டாவது கடிதம் அன்றைக்குக் காலையில்தான் வந்திருந்தது. ஆஸ்பத்திரி, நாத்தனார், வாய் அப்படியே உன் வாய். நான் அந்தப் பங்கைத் தொடவே இல்லை. புத்தகத்தையே அனுப்பாமல் விட்டால் நீ சந்தேகப்படுவாய். தைக்கும்போது அந்த ஒரு ஃபாரத்தை மட்டும் உருவி, மேசை இழுப்பறையில் கவிழ்த்து வைத்தேன். சாப்பாட்டுக்குப் போனால் அவள் செத்த கதையைப் பேசுவார்கள் என்றுதான் போகவில்லை. ஆய்வேட்டு வேலை சும்மா சாக்கு.

உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து உன்னைத்தான் அதிகம் பயமுறுத்தியிருக்கிறேன். மன்னித்துவிடு. பயப்படுகிறவளுக்குத் துணையாக நிற்காமல் பக்கத்தை ஒளித்து வைத்திருக்கிறேன்.

இதோ அனுப்பிவிட்டேன். இன்னமும் நான் படிக்கவில்லை. நீயே படித்து, அவள் எப்படிப் போனாள் என்று மெதுவாகச் சொல். இப்போது தாங்கிக்கொள்வேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். தேநீரைக் கீழே வைத்ததற்கு.

உன்
அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

சாப்பிட்டு, தூங்கி, சத்தமாகச் சிரித்து, மிக நலமாக இருக்கிறோம். மகளின் பரீட்சை முடிந்தது. அவளிடமும் எல்லாம் சொல்லிவிட்டோம். கொஞ்சம் அழுதாள், பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை, இப்போது சமாதானம்.

அக்கா, உட்கார்ந்துகொண்டு படி. பசைச் சட்டியை இறக்கிவிட்டுப் படி.

நாத்தனார் சாகவில்லை.

அவளுக்கு இருந்தது பித்தப்பையில் கல். எடுத்துவிட்டார்கள். அந்தக் கல்லை ஒரு சின்ன போத்தலில் போட்டு வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சூப்பில் உப்பில்லை என்று சமையலறைக்கே நடந்து போய் அங்கிருக்கும் சமையல்காரரைப் பிடித்துக் கேட்கிறாள். அவர் பயப்படவில்லை. கரண்டியை அவள் கையில் கொடுத்து, "அப்ப நீங்களே போடுங்க" என்கிறார். அவள் வாழ்க்கையில் யாரும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. எட்டுப் பக்கம் தள்ளி, ஐம்பத்திரண்டு வயதில், இரண்டு பேருக்கும் கல்யாணம்.

அண்ணன் குதிக்கிறார். அவளும் குதிக்கிறாள். "உன் சோறும் வேண்டாம், நீ வாங்கிக் கொடுத்த சேலையும் வேண்டாம்" என்று கட்டின சேலையோடு, கல் போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறாள். அதனால்தான் நாற்காலி காலி. அதனால்தான் சேலைகள் பக்கத்து வீட்டுக்குப் போயின. இனி இந்த வீட்டில் அவள் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்று அண்ணன் கத்துவதோடு அந்த ஃபாரம் முடிகிறது. அவர் தட்டைத் தொடாமல் எழுந்தது துக்கத்தில் இல்லை, அண்ணியின் சமையல் வாயில் வைக்க முடியவில்லை.

மாடிவீட்டு அம்மா எதற்கு அழுதார் என்று இப்போது புரிகிறதா? கல்யாணத்துக்கு. போன புத்தகத்திலும் அவர் அதற்குத்தான் அழுதார், நீயேதான் எனக்கு எழுதினாய்.

எழுதியவர் கொல்லவே இல்லை அக்கா. அவள் அந்தப் பக்கம் எங்கோ ஒரு ஊரில் சூப்புக்கு உப்புப் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருந்திருக்கிறாள். நீயும் நானும் சேர்ந்துதான் அவளைக் கொன்றோம். நீ படிக்காமல் கொன்றாய், நான் பக்கமில்லாமல் கொன்றேன். படித்து முடித்ததும் இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது. இத்தனை மாதத்தில் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இந்தக் கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் சபையில் வாசி. பக்கத்து மேசைக்காரி கதையும் சேர்த்து. உனக்கு என்ன அபராதம் என்று அவர்கள் சொல்லட்டும்.

அன்புடன்,
சின்னு


மே 2

அன்புள்ள சின்னு,

முழங்கால் உட்பட இங்கு எல்லாம் நலம். அத்தான் நேற்று மாடிப்படி ஏறினார்.

கூட்டம் நம் வீட்டில். மீன் வறுத்தேன், டீச்சர் கேக் செய்து வந்தார், மருந்துக்கடைக்காரர் பழத்தோடு இந்த முறை ரொட்டியும் வாங்கி வந்தார். சாப்பாடு முடிந்ததும் உன் கடிதங்களைக் கொடுத்தேன், டீச்சர் எழுந்து நின்று வாசித்தார். பக்கத்து மேசைக்காரியின் முடிவு நல்லபடியாக வந்த இடத்தில் மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நாத்தனார் பகுதி வந்ததும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நான் சந்தோஷத்துலதானே அழுதேன். நீங்க கேட்கவே இல்லையே" என்று மாடிவீட்டுக்காரி ஆரம்பித்து, சொல்லி முடிப்பதற்குள் மறுபடி அழுதுவிட்டாள். அத்தானிடம் கேட்டேன், அன்றைக்குச் சாப்பாட்டில் இதையெல்லாம் பேசியிருப்பார்களே, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. "நீதான் பேசக் கூடாதுன்னுட்டியே" என்றார். முப்பது வருஷத்தில் அவர் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு நான் அடுக்களைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். குழாயைத் திறக்காமலே அழுதேன். கேட்டால் கேட்கட்டும் என்று இருந்தது.

அபராதம் தீர்ப்பாகிவிட்டது. படிக்காமல் ஃபாரத்தை உருவியதற்கு, அடுத்த புத்தகத்தின் நூலை நான் பிரிக்கக் கூடாது. வட்டம் ஆரம்பித்ததிலிருந்து இதுதான் முதல் முறை. முழுசாக, கடையில் வாங்கியபடியே அது முதலில் உனக்கு வருகிறது. இந்தப் பார்சலில் இருக்கிறது, பக்கங்களை நன்றாக எண்ணிப் பார்த்துக்கொள். எங்கள் ஐந்து பேருக்கும் முன்னால் நீ அதன் முடிவைப் படிக்கப் போகிறாய்.

முடிவை முதலில் படித்தவருக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியும். அதைத் தபாலில் செய்ய முடியாது என்று டீச்சர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். மாதக் கடைசிச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் வந்துவிடுங்கள். புத்தகத்தையும் கையோடு கொண்டு வா.

வாசல் விளக்கைப் போட்டு வைக்கிறேன். பாத்திரமெல்லாம் உனக்காகவே கிடக்கும்.

உன்
அக்கா